லைட்டை அணைத்துத் தரச் சொன்னார்

போட் எஞ்சினில் சிவப்பு லைட்டு எரிகிறது என்று என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் லைட்டை அணைக்கத்தான் வருகிறார்கள். எஞ்சினைப் பற்றி அவர்களுக்கு அப்புறம்தான் கவலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடக் கிளம்புகிற மனுஷன், நீர் ஏறுகிற நேரம் பார்த்து போட்டை இறக்கி, பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்போது பஸர் கத்தினால் எரிச்சல்தான் வரும். எனக்கும் வரும்.

கிராணி ஐயா விஷயம் நடந்து கொஞ்ச காலமாகிவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். ஒன்றும் ஆகாததுதான் இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

அவர் எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்தவர். அப்பாவின் பெயர் அவருடைய ஆள் பதிவேடான செக்ரோலில்தான் வருஷக்கணக்காக இருந்தது. கெட்டவர் இல்லை, மழையில் பாதி வேலையோடு திரும்பியவர்களுக்கும் முழுநாள் போட்ட ஆள் என்று அப்பாவே சொல்வார். ஓய்வு பெற்று பேராக் மாநில ஊரான ஊத்தான் மெலிந்தாங்கிலேயே வீடு கட்டி, இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் ஒரு பழைய ஃபைபர் போட் வாங்கினார், பத்தொன்பது அடி, 115 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். எந்தக் கம்பெனி எஞ்சின் என்பது இங்கே வேண்டாம், இதில் கம்பெனியின் தப்பு எதுவும் இல்லை.

சாவியைத் திருப்பியதும் பஸர் ஒரு தடவை கத்திவிட்டு நிற்பது பெரும்பாலான எஞ்சின்களில் உள்ளதுதான், தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. இவருடையது நிற்கவே இல்லை. ராத்திரியெல்லாம் படகுத்துறை ஜெட்டியில் கிடந்த எஞ்சின், தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, ஆனால் சூடு லைட்டு எரிகிறது. அப்புறம் தானாக அணைகிறது. ஆற்றில் போகும்போது திரும்ப வந்து, எஞ்சின் தானாகவே நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு இறங்கிவிடுகிறது. இறங்குவது சரிதான், சூடு என்று தகவல் வந்தால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படித்தான் செய்யும். தகவல் பொய்யா நிஜமா என்று அதற்குத் தெரியாது.

குளிர்ந்த எஞ்சினில் சூடு லைட்டு எரிந்தால் ஒயரையோ சுவிட்சையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் தலையில் உள்ள சூடு சுவிட்சில் இரண்டு ஒயர். சூடு ஏறினால் சுவிட்ச் உள்ளே இணைந்து, பிங்க் ஒயரை எர்த்தோடு சேர்க்கும், பஸர் கத்தும். அவ்வளவு எளிய ஏற்பாடு. இரண்டு ஒயரையும் சுவிட்சிலிருந்து பிடுங்கினேன், கத்தல் நிற்கவில்லை. அப்படியென்றால் சுவிட்ச் நல்லது, பிங்க் ஒயர் வழியில் வேறெங்கோ எர்த்தைத் தொடுகிறது. ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பினேன், நின்றது. இடப்பக்கம் திருப்பினேன், கத்தியது. கிராணி ஐயா சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒயர் கட்டு எஞ்சின் மூடிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது வெயிலில் காய்ந்து ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது. எஞ்சின் திரும்பும்போதெல்லாம் கட்டு அந்த விளிம்பில் உராய்ந்து, மேல் உறை கிழிந்து, பிங்க் ஒயரின் தோலும் போய் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. துடைத்து டேப் சுற்றினேன். கத்தல் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. உள்ளே இன்னொரு இடத்திலும் தேய்ந்திருக்க வேண்டும். அதே கட்டில்தான் எஞ்சினை நிறுத்துகிற ஒயரும் போகிறது. இந்த எஞ்சினில் அது எர்த்தைத் தொட்டால் எஞ்சின் நின்றுவிடும். பிங்க் தேய்ந்த மாதிரி அதுவும் தேய்ந்திருந்தால், தீவுப் பக்கம் போனபிறகு நின்றால் என்ன செய்வது? புதுக் கட்டு கிள்ளானிலிருந்து வரவேண்டும், சில நாளாகும்.

நிஜமாகவே சூடு இல்லையா என்றும் பார்த்தாக வேண்டுமே. அதற்காக பிங்க் ஒயரை எஞ்சினின் கம்ப்யூட்டர் பக்கம் கழட்டிவிட்டு ஆற்றில் ஓட்டினோம், 4000 சுற்றில், கொஞ்ச நேரம் அல்ல, நன்றாகவே. பின்னால் தண்ணீர் பீச்சுவது பலமாக இருந்தது. அதை மட்டும் நம்பக்கூடாது, பல எஞ்சின்களில் அந்தத் தண்ணீர், சூட்டைக் கட்டுப்படுத்துகிற வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்து வருவது, பம்பு வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அதனால் வெப்பம் அளக்கிற துப்பாக்கியால் எஞ்சின் தலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 60 டிகிரியை ஒட்டியே நின்றது. கார் எஞ்சின் 90 வரை போகும், உப்புத் தண்ணீரை நேராக இழுத்துக் குளிர்கிற எஞ்சினை அவ்வளவு சூட்டில் ஓட்டினால் உள்ளே உப்புப் படியும், அதனால் இதைக் குறைந்த சூட்டிலேயே வைக்கிறார்கள். 60 என்றால் சரியான ஆரோக்கியம்.

திரும்பி ஜெட்டிக்கு வந்து ஒயரை மறுபடி மாட்டினேன். இடப்பக்கம் திருப்பினால் மறுபடி கத்தல்.

“கழட்டித்தானே தம்பி ஓட்டுன? அப்படியே விட்டுடேன்.”

“அது சோதனைக்கு ஐயா.”

“நாளைக்கு ஒரு நாளைக்குத்தான். வந்ததும் மாட்டிக்கலாம்.”

மறுநாள் காலை ஷா ஆலாமிலிருந்து வந்திருக்கிற மகளையும் பேரப்பிள்ளைகளையும் புலாவ் செம்பிலான் தீவுக்குக் கூட்டிப் போவதாக இருந்தது. எதிர்ப்பார்க்காத கேள்வி ஒன்றும் இல்லை, அதனால் என்னிடம் பதில் இருந்தது. சுவிட்சிலிருந்து தனியாக ஒரு ஒயர் வெளியே இழுத்து, தனி பஸர் ஒன்று வைத்துத் தருகிறேன், எட்டு மணிக்குள் முடித்துவிடலாம் என்றேன். பொய்க்கத்தல் போய்விடும், நிஜக்கத்தல் இருக்கும். அந்தக் கட்டோடு தீவு வரை போவது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, கரையோரமாகவே சுற்றிக் காட்டிவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அதுவும் கத்துமா?” என்று கேட்டார். சூடானால் கத்தும் என்றேன். “கத்துச்சுன்னா என் மக ஏற மாட்டா தம்பி. போன தடவை சின்னவன் பயந்து அழுது, அவ அப்பவே சொல்லிட்டா.” அவருக்கு எந்தக் கத்தலும் வேண்டாம், அவ்வளவுதான்.

நான் முடியாது என்றேன். வேறு வார்த்தையில் சொன்னேன், ஆனால் அதுதான் அர்த்தம்.

“எஞ்சின்ல சூடு இல்லன்னு நீதான சொல்ற?”

“ஆமாங்க ஐயா.”

“உன் பிள்ளைங்கள இதுல நாளைக்கு ஏத்துவியா, மாட்டியா?”

ஏற்றுவேன் என்றேன். ஆனால் கழட்டித் தரமாட்டேன் என்றேன்.

“அப்ப உனக்கு எஞ்சின் பயம் இல்ல தம்பி. பேர் பயம்.”

கோபமாகச் சொல்லவில்லை. பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பெயர் வாசிக்கிற அதே குரல். பார்த்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டு, ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஏற்றுவேன் என்று ஏன் சொன்னேன்? பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஏற்றியிருப்பேன். நான் ஓட்டினால் மூடி மேல் கை வைத்துப் பார்ப்பேன், தண்ணீர் பீச்சுவதைப் பார்ப்பேன், எஞ்சின் சத்தம் மாறினால் காது சொல்லிவிடும். பெர்ணம் ஆற்று வாயில் என்னென்ன மிதக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நீப்பா ஓலை, மட்டை, பிளாஸ்டிக் பை. ஒரு பை போய்த் தண்ணீர் இழுக்கிற வாயில் ஒட்டிக்கொண்டால் முழு வேகத்தில் எஞ்சின் சூடேறிப் பாழாகக் கொஞ்ச நேரம் போதும். அப்போது பஸர் இல்லாவிட்டாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன், அவர் பேரப்பிள்ளைக்குத் தீவைக் காட்டிக்கொண்டிருப்பார். அதாவது என் பதிலின் முழு வடிவம், என்னை நம்புகிறேன், உங்களை நம்பவில்லை ஐயா என்பதுதான். அதை அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? அப்பா அவர் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அதனால் பாதியை மட்டும் சொன்னேன், மீதிப் பாதியை அவர் தன் கணக்கில் நிரப்பிக்கொண்டார்.

இது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம். பெரும்பாலான நாளில் இது போதும். சில நாளில் அவர் நிரப்பிக்கொண்டதுதான் சரியோ என்று படுகிறது. ஏனென்றால் அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது எது என்று நேர்மையாக யோசித்தால், பேரப்பிள்ளைகள் கடலில் நிற்கிற காட்சி வரவில்லை, ஜெட்டியில் நாலு பேர் ‘ஒயரை யார் கழட்டினது’ என்று கேட்பதும் அதற்கு என் பெயர் பதிலாக வருவதும்தான் வந்தது. எங்கள் ஊரில் ஒரு எஞ்சின் நின்றால் மறுநாள் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் பட்டறை பெயர் கெட்டுவிடும். பெயருக்குப் பயப்படுவது கேவலமா? பெயருக்குப் பயப்படுகிறவன்தான் போல்ட்டை இரண்டு தடவை முறுக்கிப் பார்ப்பான். இதை அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சுவிட்ச் ஏற்பாட்டில் ஒயர் அறுந்தால் லைட்டு எரியாது, அமைதியாக இருக்கும். ஆயில் அழுத்தச் சுவிட்சும் அப்படித்தான், ஒயர் கழன்றுபோனால் ‘எல்லாம் நலம்’ என்றே காட்டும். சூட்டை அளந்து சொல்கிற சென்சார் வேறு வகை, அதன் ஒயர் அறுந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துப் பழுது என்று காட்டிவிடும். ஆக, லைட்டு எரியாத போட் நல்ல போட் என்று யாரும் சொல்ல முடியாது. ஜெட்டியில் கிடக்கிற பழைய போட்டுகளில் எத்தனையில் இந்த ஒயர் உயிரோடு இருக்கிறதோ. நான் கழட்ட மறுத்ததைப் பலரும் தெரியாமலே கழட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். முன்னாடியெல்லாம் போட்டில் இந்த லைட்டு இருந்ததா என்று கிராணி ஐயா கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

வேறொருவர் அன்று சாயங்காலமே கழட்டிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேர வேலைதானே. அவர்கள் போய்வந்தார்கள், நல்ல வெயில், கடல் அமைதி. மறுநாள் அவர் மகன் ஒரு பை ஜெனாஹாக் மீன் கொண்டுவந்து கொடுத்தான், “அப்பா கொடுக்கச் சொன்னாரு” என்று. என் மனைவி, நல்ல மனுஷர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றாள். எனக்கு அது பாசமா, ஒன்றும் ஆகலை பார்த்தியா என்று சொல்கிறாரா என்று இன்னும் பிடிபடவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து கியர் ஆயில் மாற்ற அவரே போட்டைக் கொண்டுவந்தார். இந்தச் சேற்றில் ஓடுகிற எஞ்சின் என்பதால் தண்ணீர் பம்பில் சுழல்கிற இம்பெல்லரையும் திறந்து பார்த்தேன், ரப்பர் இதழ்கள் ஓரத்தில் தேய்ந்திருந்தன, மாற்றினேன். மூடியைத் திறந்தபோது பிங்க் ஒயர் டேப் சுற்றி ஒரு ஓரமாகச் செருகிக் கிடந்தது, சுத்தமாகச் செய்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. புதுக் கட்டு அப்போதே வந்து பட்டறையில்தான் இருந்தது. “மாத்திடட்டுங்களா ஐயா?” என்றேன். “அடுத்த தடவை பாக்கலாம் தம்பி, இப்ப நல்லாத்தான ஓடுது” என்றார். சரி என்றேன். கழட்ட மாட்டேன் என்றவன், கழட்டியதைப் பார்த்துக்கொண்டே ஆயில் மாற்றிக் காசு வாங்கினேன். வேலையே செய்யமாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருந்தால் இம்பெல்லரும் தேய்ந்தபடியே போயிருக்கும், அது இன்னும் மோசம்.

பில்லில் ‘சூடு எச்சரிக்கை ஒயர் இணைக்கப்படவில்லை, சொல்லப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அந்த வரி அவருக்காகவா எனக்காகவா என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் எழுதாமல் விட்டிருக்க மாட்டேன்.