உளுந்தில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உளுந்தில் புது ரகம் உருவாக்குவது லேசான வேலையில்லை. அது ரொம்பக் கூச்ச சுபாவமுள்ள செடி. பூ விரியும் முன்பே மொட்டுக்குள் கல்யாணம் முடிந்துவிடும். வெளியிலிருந்து மகரந்தம் வந்து கலப்பது அபூர்வம். போதாக்குறைக்கு, இன்றைய ரகங்கள் பலவற்றின் வம்சாவளியைத் தோண்டினால் டி 9 என்ற ஒரே பழைய ரகம்தான் வந்து நிற்கிறது. எல்லாம் நெருங்கிய சொந்தம். வேறுபாடே இல்லாத கூட்டத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

அதனால்தான் புது ரகம் உருவாக்குபவர்கள் இரண்டு ரகங்களைக் கையால் மகரந்தம் தடவி ஒட்டுச் சேர்க்கிறார்கள். மறுநாள் மலரப்போகும் மொட்டைச் சாயங்காலமே இடுக்கியால் மெல்லப் பிரித்து, சுருண்ட இதழுக்குள் இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியில் கீறல் படாமல் எடுக்க வேண்டும். காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். அப்படியும் நிறைய மொட்டுகள் உதிர்ந்துவிடும். இதற்குச் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் தகும்! விதையில் காமா கதிர் பாய்ச்சி மாற்றங்களை உண்டாக்குவது இன்னொரு வழி.

அப்புறம் தேர்வு. விளைச்சலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நல்ல மண்ணில் நின்ற செடி சும்மாவே காய்த்திருக்கும். அதனால் செடிக்கு எத்தனை காய், நூறு விதையின் எடை, மஞ்சள் தேமல் நோயைத் தாங்குகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். புதுக்கோட்டை வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 8 என்ற ரகம் இந்த நோயைத் தாங்கும். காய்களும் ஒரே சமயத்தில் முற்றுவதால் அறுவடைக்குச் சுலபம்.

எல்லாம் சரி, சென்னையில் மாவுக் கடை வைத்திருப்பவர் கேட்பது ஒன்றே ஒன்று: கிரைண்டரில் பொங்கி வருமா? என்னைக் கேட்டால், தேர்வுப் பட்டியலில் அதற்கும் நல்ல மதிப்பெண் வைக்க வேண்டும்.