நாடி அடிக்கிறது, அதனால் என்ன? – கை வார்டு நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

இரவு டூட்டி. ஒன்பதரைக்கு கேஷுவல்டியிலிருந்து போன். "மேடம், இடது முன்கையில கண்ணாடி வெட்டு. ரேடியல் நாடி நல்லா இருக்கு, சாச்சுரேஷன் 99. சுண்டு விரல் மட்டும் மரத்திருக்கு." ரேடியல் நாடி என்பது மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் தொட்டுப் பார்ப்பது; சாச்சுரேஷன், ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) குரலில் நிம்மதி தெரிந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்.

பையனுக்கு இருபது வயசு சொச்சம். அலுமினியம் கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்கிற வேலை. நழுவிய ஷீட்டைப் பிடிக்கப் போயிருக்கிறான். மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, சுண்டு விரல் பக்கமாக ஆழமாக இறங்கியிருந்தது. காயத்துக்குள் காபித்தூளை அடைத்து, மேலே துண்டால் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதைக் கழுவி எடுக்கவே சலைன் பாட்டில் பாதி காலி. இந்தக் காபித்தூள் வைத்தியம் எப்போதுதான் ஒழியுமோ.

மானிட்டர் கிளிப் ஆள்காட்டி விரலில் இருந்தது. கழற்றிச் சுண்டு விரலில் மாட்டினேன். அலையே வரவில்லை. மோதிர விரலில் ஒரு கோடு லேசாக நெளிந்தது, எண் வரவில்லை. மறுபடி ஆள்காட்டிக்குப் போனால் 99. நகத்தை அழுத்தி விட்டால் கட்டை விரல் உடனே சிவக்கிறது; சுண்டு விரல் வெள்ளையாகவே நிற்கிறது.

மரத்துப் போனதற்குச் சுண்டு விரலுக்கு உணர்ச்சி தரும் அல்னர் நரம்பு வெட்டுப்பட்டது காரணம், சரி. வெளுத்ததற்கு? மயக்கவியல் டாக்டரை எழுப்பியாயிற்று.

ஜூன் 4, புதன்

விடியற்காலை நாலு மணிக்குத்தான் தியேட்டரை விட்டு வந்தேன். தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

பாடப்புத்தகப் படம் எல்லோருக்கும் தெரியும். முழங்கை மடிப்புக்குக் கீழே பெரிய தமனி இரண்டாகப் பிரியும். கட்டை விரல் பக்கம் ரேடியல், சுண்டு விரல் பக்கம் அல்னர். இரண்டும் உள்ளங்கையில் வளைந்து வந்து ஒன்றையொன்று தொடும். மேலாக ஓடும் வளைவுக்குப் பெரும்பாலும் அல்னர் முதலாளி, ஆழத்தில் ஓடும் வளைவுக்கு ரேடியல். ஒன்று அறுந்தாலும் மற்றது கையைக் காப்பாற்றும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம்.

எல்லாக் கையும் அந்தப் படம் மாதிரி இருப்பதில்லை. 1961-இல் கோல்மன், ஆன்சன் என்ற ஆய்வாளர்கள் இறந்தவர்களின் 650 கைகளை அறுத்துப் பார்த்து எழுதியதில், மேல் வளைவு முழுமையாக இருந்தது 78.5 சதவீதக் கைகளில்தான். ஐந்தில் ஒரு கையில் அந்த வளைவு பாதியில் நின்றுவிடுகிறது. ஆழ வளைவு ஏறக்குறைய எல்லோருக்கும் முழுசாக இருப்பதால்தான் இவ்வளவு பேர் பிரச்சினையில்லாமல் தப்பிக்கிறார்கள். ஆனால் முழுசாக இருந்தாலும் எல்லா இடத்திலும் போதுமான பருமனில் இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

உள்ளே பார்த்தால் எதிர்பார்த்த மூன்றும்: மணிக்கட்டை மடக்கும் தசைநாண், அல்னர் தமனி, அதை ஒட்டி உள்பக்கம் ஓடும் அல்னர் நரம்பு, மூன்றும் துண்டு. ரத்தத்தை நிறுத்திவைக்கக் கையில் கட்டியிருந்த டூர்னிகேயை இறக்கினோம். தமனியின் மேல் முனையிலிருந்து ரத்தம் பீய்ச்சியது, கிளாம்ப் போட்டேன். கீழ் முனையைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வளைவு முழுமையாக இருந்தால் ரேடியல் ரத்தம் உள்ளங்கையைச் சுற்றி வந்து அந்த முனை வழியே திரும்பிக் கொட்ட வேண்டும். கொட்டவில்லை. முனையில் ஒரு சொட்டு திரண்டது, உருண்டு விழுந்தது, வெகுநேரம் கழித்து இன்னொன்று. உள்ளே கட்டி அடைத்திருக்கிறதோ என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைன் விட்டுக் கழுவினோம், தடையில்லாமல் போயிற்று. அப்புறமும் அதே சொட்டுதான். சீஃப் லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடியை) நெற்றிக்குத் தள்ளிவிட்டு, "இந்தக் கை ரெண்டையும் நம்பித்தான் இருக்கு. தச்சிரும்மா" என்றார்.

8-0 நைலான். தலைமுடியை விட மெல்லிசு. சுற்றிலும் தையல் போட்டுக் கிளாம்பை எடுத்ததும் குழாய் நிமிர்ந்து துடித்தது. மோதிர விரல் முதலில் சிவந்தது. சுண்டு விரல் கொஞ்சம் தாமதித்தது. பிறகு நரம்பு, தசைநாண்.

ஜூன் 8, ஞாயிறு

விரல்கள் சூடாக இருக்கின்றன. சுண்டு விரலில் 98. அவன் அம்மா தினமும் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் ரிப்போர்ட் சொல்கிறார். வார்டு நர்ஸை விட ஒழுங்கு.

ஜூன் 11, புதன்

இளநீர்க் கடைக்காரர், ஐம்பது தாண்டியவர். அரிவாள் வழுக்கி இடது முன்கையில் கட்டை விரல் பக்கம். பாதி பஸ் சீட் நனைகிற அளவுக்கு ரத்தம் போனதாம். ஆனால் மணிக்கட்டில் விரல் வைத்தால், காயத்துக்குக் கீழே, ரேடியல் நாடி திடமாக அடிக்கிறது. "அப்ப தமனி தப்பிச்சிருச்சு" என்றார் ஹவுஸ் சர்ஜன்.

அவரை ஒரு கை விரலை அந்த நாடி மேலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, நான் அல்னர் தமனியை மணிக்கட்டில் அழுத்தினேன். நாடி நின்றது. விட்டேன், வந்தது. மறுபடி ஹவுஸ் சர்ஜனே அழுத்திப் பார்த்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அது ரேடியலின் சொந்தத் துடிப்பு இல்லை. அல்னர் ரத்தம் வளைவைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து அறுந்த குழாயின் கீழ்ப்பாதியை நிரப்புகிறது. இவருக்கு வளைவு முழுசு. திறந்தபோது ரேடியல் இரண்டு துண்டு. கீழ் முனையும் மேல் முனைக்குச் சளைக்காமல் பீய்ச்சியது.

முதல் கேஸில் நாடி இருந்தது, விரல் செத்துக்கொண்டிருந்தது. இதில் நாடி இருந்தது, தமனியே இல்லை. கேஸ் ஷீட்டில் 'நாடி உள்ளது' என்று மட்டும் எழுதுவதைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் இருந்தால் இன்றே செய்வேன்.

இவருக்கும் தைக்கத்தான் வேண்டுமா என்று தியேட்டரில் விவாதம். கை சிவப்பாக இருக்கும்போது அறுந்த குழாயின் முனைகளை நூலால் கட்டிவிட்டால் போதும் என்று ஒரு கட்சி. அதற்கு நியாயம் உண்டு: ஒற்றைத் தமனியைத் தைத்தவர்களில் பாதிப் பேருக்குத் தையல் பின்னால் அடைத்துக்கொள்வதைப் பழைய ஆய்வுகளிலேயே காட்டியிருக்கிறார்கள். கீழிருந்து எதிர்ப்பக்க ரத்தம் தள்ளுவதால் தைத்த இடத்தில் ஓட்டம் மந்தமாகிறது. எனக்கு, தைக்க முடிகிற குழாயைத் தைத்துவிட வேண்டும். இந்தக் கைக்கு நாளை இன்னொரு வெட்டு விழாது என்று யார் சொன்னது? தைத்தோம்.

ஜூன் 14, சனி

அனாடமியில் இருக்கும் தோழி கூப்பிட்டாள். முதலாண்டு மாணவர்கள் அறுத்த ஒரு முன்கையில் 'உன் சரக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு' என்றாள். பார்மலின் கண்ணைக் கரித்தாலும் போனது வீண் போகவில்லை. முன்கையின் நடுவில் ஓடும் மீடியன் நரம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு தமனி, மணிக்கட்டுச் சுரங்கம் வழியாக உள்ளங்கை வரை.

கருவில் எல்லோருக்கும் அது இருக்கும். கருவின் ஆரம்பத்தில் கைக்கு முக்கியமாக ரத்தம் கொடுப்பது அதுதான். எட்டாவது வாரத்தை ஒட்டி ரேடியலும் அல்னரும் வேலையை எடுத்துக்கொள்ள, அது சுருங்கிவிடும். சிலருக்குச் சுருங்குவதில்லை. 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 1880-களின் மத்தியில் பிறந்தவர்களில் சுமார் 10 சதவீதம் இருந்தது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்களிடம் 30 சதவீதம் என்று கணித்திருந்தார்கள். 'மனிதன் பரிணமிக்கிறான்' என்று செய்திகள் குதித்தன. புதிதாகப் பார்த்தது 78 கைகளைத்தான். குதிப்பதற்கு இன்னும் கொஞ்சம் கைகள் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மணிக்கட்டில் ரேடியலும் அல்னரும் போன பிறகும் சில கைகள் ஏன் சூடாக இருக்கின்றன என்பதற்கு இது ஒரு பதில்.

ஜூன் 23, திங்கள்

நாக்குப் புற்றுநோய்க்கு முன்கைத் தோலை ரேடியல் தமனியோடு எடுத்து நாக்கு செய்யும் கேஸ். எடுப்பதற்கு முன் ஆலன் சோதனை. எட்கர் ஆலன் 1929-இல் இதை எழுதியது பீடிக்காரர்களுக்கு வரும், கை கால் தமனிகள் அடைத்துப்போகும் பர்ஜர் நோயில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க. இப்போது மணிக்கட்டுத் தமனியைத் தொடும் முன் நாங்கள் இதைச் செய்கிறோம். முஷ்டியை இறுக்கி, இரண்டு தமனியையும் அழுத்தி, விரித்து, அல்னரை மட்டும் விடுவது. கை சடக்கென்று சிவந்தது. இருந்தாலும் தியேட்டரில் ரேடியலுக்குக் கிளாம்ப் போட்டு, எல்லா விரலையும் பார்த்த பிறகுதான் வெட்டினோம்.

ஜூலை 17, வியாழன்

ஓபி. இருவரும் ஒரே நாளில் வந்தார்கள், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம்.

கண்ணாடிப் பையனுக்குத் தைத்த அல்னர் நன்றாக ஓடுகிறது. எதிரிலிருந்து தள்ள ஆளில்லை. சுண்டு விரலில் உணர்ச்சி இன்னும் இல்லை; நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், பொறுக்க வேண்டும். ஏசி ரூமில் விரல் வலிக்கிறது என்கிறான். வழக்கமாக வருவதுதான்.

இளநீர்க்காரருக்கு ரேடியல் அடைத்திருக்கிறது. அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, கடை போன வாரமே திறந்தாயிற்று. கட்டியிருந்தால் போதும் என்ற கட்சிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு கையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார், ஆனாலும் சிரித்தார்.

பையனின் சீட்டில் சிவப்பு மையில்: 'இடது மணிக்கட்டில் ரேடியல் வழியாக ஆஞ்சியோ, தமனி ஊசி, பைபாஸுக்குக் குழாய் எடுத்தல் கூடாது'. இளநீர்க்காரர் சீட்டில் அதே வாக்கியம், ரேடியலுக்குப் பதில் அல்னர். எழுதும்போதே அவர் கேட்டார்: "டாக்டரம்மா, எனக்குச் சுகர் இருக்கு. அப்ப ரத்தம் எடுக்க எந்தக் கையை நீட்டுறது?"

"எந்தக் கையையும் நீட்டலாம்யா, அது வேற குழாய். நெஞ்சுவலின்னு யாராவது மணிக்கட்டுல குத்த வந்தா மட்டும் இந்தச் சீட்டைக் காட்டுங்க."

லேமினேட் பண்ணி வைத்துக்கொள்கிறேன் என்றார். ஆஸ்பத்திரி வாசல் ஜெராக்ஸ் கடையில் இருபது ரூபாயாம்.