கான்ஹோஜி ஆங்ரேயும் 1713-ம்

கப்பற்படை என்று பேச்செடுத்தால் நம் ஆட்கள் உடனே ராஜேந்திர சோழன், கடாரம் என்று போய்விடுவார்கள். நியாயம்தான். ஆனால் நாம் பிழைக்க வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்ட இந்த மும்பைக் கடலிலும் ஒரு பெரிய ஆள் இருந்திருக்கிறார், அவரைப் பற்றி மாட்டுங்காவிலோ தாராவியிலோ தமிழில் யாரும் பேசி நான் கேட்டதே இல்லை. கான்ஹோஜி ஆங்ரே. கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கிறவர்களுக்கு 'ஐ.என்.எஸ். ஆங்ரே' என்ற கடற்படைத் தளத்தின் பெயராவது பழக்கமாக இருக்கும். ஒருகாலத்தில் ஆங்கிலேயக் கம்பெனியின் பம்பாய்க் கோட்டை இருந்த இடம்தான் அது. கம்பெனி தூக்கமில்லாமல் பயந்துகொண்டிருந்த மனிதரின் பெயரை அந்த இடத்துக்கே வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அவருடைய கதையில் நம்ம செஞ்சியும் வருகிறது. 1669-ல் பிறந்தவர், அப்பா துக்கோஜி சிவாஜியிடம் வேலை பார்த்தவர். ஔரங்கசீப் மராட்டியரை நெருக்கியபோது சிவாஜியின் மகனான ராஜா ராஜாராம் தப்பி வந்து உட்கார்ந்தது செஞ்சிக் கோட்டையில், முகலாயப் படை ஏறக்குறைய எட்டு வருஷம் அதை முற்றுகையிட்டது. ராஜா அங்கே மாட்டிக்கொண்டிருக்க, இங்கே கொங்கண் கரையை அந்தந்தக் கோட்டைக்காரர்கள்தான் சொந்த முயற்சியில் பிடித்து வைத்திருந்தார்கள். அப்படி வளர்ந்தவர்தான் கான்ஹோஜி. 1698-ல் 'சர்கேல்', அதாவது கடற்படைத் தலைவர் ஆனார்.

அவருடைய சண்டை முறை எல்லோரும் சொல்வதுதான். ஆழமில்லாத கழிமுகங்களில் ஒளிந்துகொள்ளும் சின்னக் கப்பல்கள், காற்று விழுந்து பெரிய கப்பல் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்துத் துடுப்புப் படகுகள் அவற்றை இழுத்துக்கொண்டு வரும், பீரங்கி குறைவாக இருக்கும் பின்பக்கமாக வந்து அடிக்கும். தன் கடலில் போகிற வணிகக் கப்பல் தன்னிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார். போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் அதே சீட்டைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் அவர் மட்டும் கொள்ளைக்காரர் என்று எழுதி வைத்தார்கள்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் சண்டை அல்ல, சண்டையை நிறுத்திய விதம். ராஜாராம் இறந்த பிறகு அவர் மனைவி தாராபாய் ஒரு பக்கம், முகலாயரிடமிருந்து 1707-ல் விடுதலையாகி வந்த சிவாஜியின் பேரன் சாஹு ஒரு பக்கம் என்று மராட்டிய நாடே இரண்டாகிவிட்டது. கான்ஹோஜி தாராபாய் பக்கம். அவரை அடக்க சாஹு தன் பேஷ்வா, அதாவது முதலமைச்சர், பகிரோபந்த் பிங்களேயையே படையோடு அனுப்பினார். கான்ஹோஜி அந்தப் பேஷ்வாவைத் தோற்கடித்து, பிடித்துச் சிறையில் வைத்துவிட்டார்! நாட்டின் முதலமைச்சர் கையில் கைதி, மலைக் கோட்டைகள் கையில், சாஹுவின் தலைநகர் சாதாரா வரை போகலாம் என்ற நிலை. வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

அவர் போகவில்லை. சாஹு புதிய பேஷ்வாவாக பாலாஜி விஸ்வநாத்தை நியமித்துப் பேச அனுப்பினார், பாலாஜியும் ஸ்ரீவர்தன்காரர், கொங்கண் மண், ஜஞ்சிரா தீவுக் கோட்டையை ஆண்ட சித்திகளால் அவதிப்பட்டு ஊரைவிட்டுப் போனவர். இருவருக்கும் எதிரி ஒருவரே. லோணாவாளா பக்கம் உடன்பாடு ஆனது. கைதியை விட்டார், சாஹுவை ராஜாவாக ஏற்றார், பதிலுக்கு சர்கேல் பதவியும் கடலோரக் கோட்டைகளும் அவரிடமே. அதற்கு முன்பே, 1713-ன் தொடக்கத்தில் பம்பாய் ஆங்கிலேயரோடும் சமாதானம் செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உள்நாட்டுச் சண்டை நடக்கும்போது கடலில் இன்னொரு சண்டை வேண்டாம் என்று முதலிலேயே ஒரு பக்கத்தை மூடிவிட்டார். வெற்றி கையில் இருக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அதன் பலன் பின்னால் தெரிந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் ஆளுநர் சார்லஸ் பூன் வந்து பம்பாயைச் சுற்றி மதில் எழுப்பி, 1717-ல் விஜயதுர்க், 1718-ல் காந்தேரி, 1721-ல் போர்த்துகீசியரையும் சேர்த்துக்கொண்டு கொலாபா (மும்பைக் கொலாபா அல்ல, அலிபாக்கில் இருப்பது) என்று அவருடைய கடற்கோட்டைகளில் வரிசையாக வந்து மோதினார். ஒன்றும் நடக்கவில்லை. 1721-ல் பாலாஜியின் மகன் பாஜிராவின் படை கான்ஹோஜிக்குத் துணையாக வந்து நின்றது.

1729-ல் அவர் இறந்த பிறகு மகன்கள் அடித்துக்கொண்டார்கள். 1756-ல் ஆங்கிலேயத் தளபதிகள் வாட்சனும் கிளைவும் விஜயதுர்க்கில் அந்த மகன்களில் ஒருவரான துளாஜி ஆங்ரேயின் கப்பல்களை எரித்தபோது அவர்களோடு கூட்டு சேர்ந்திருந்த பேஷ்வா, அதே பாலாஜி விஸ்வநாத்தின் பேரன். படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

மழைக்காலம் முடிந்ததும் கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு ஏறி, அங்கிருந்து அலிபாக் போய்ப் பாருங்கள். கொலாபா கோட்டைக்குக் கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம், நேரத்தை மட்டும் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் சமாதி ஊருக்குள் இருக்கிறது, கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.