இப்சிலாண்டி, மிச்சிகன், அமெரிக்கா. ஐப்பசி–கார்த்திகை மாசம்

நவம்பர் 9

மாசமாக இருக்கும் என் மகள் குட்டிக்கு ரத்த அழுத்தம் காலை 146/94. மத்தியானம் 140/90. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் சாய்ந்தே படுக்கணும், எழுந்தால் பாத்ரூமுக்கு மட்டும். லேப்டாப்பை வாங்கி அலமாரி மேல் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும்.

டிசம்பர் கடைசி வரை தாங்கிவிட்டால் போதும் என்கிறார் டாக்டர்.

நவம்பர் 10

தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடிப் புத்தகத்தில் 1940ஆம் வருஷத்தில் நிற்கிறேன். நம் பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் ஒரே வரி: பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது, அமெரிக்கா போரில் இறங்கியது. ஏதோ ஞாயிற்றுக்கிழமை காலை தூங்கி எழுந்து முடிவெடுத்த மாதிரி. அப்படி இல்லவே இல்லை. போரில் இறங்கலாமா வேண்டாமா என்று இரண்டு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள், தங்களுக்குள்ளேயே.

நவம்பர் 12

1940 அக்டோபர் 29, வாஷிங்டன். போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனின் கண்களைத் துணியால் கட்டுகிறார்கள். எதிரே பெரிய கண்ணாடிப் பாத்திரம், 1917இல் குலுக்கிய அதே பாத்திரம். உள்ளே ஆயிரக்கணக்கான சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிரித்துப் படிக்கிறார்: 158.

ஊருக்கு ஊர் இருந்த பதிவு வாரியங்களில் 158ஆம் எண் யாரிடம் இருக்கிறதோ அவன் முதலில் போகணும். போர் இல்லாத காலத்தில் இந்த நாடு பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுத்தது அதுதான் முதல் தடவை. 21 முதல் 35 வயது வரை, ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் பதிந்திருந்தார்கள். எண்ணைப் படித்ததும் கூட்டத்தில் ஒரு அம்மா அலறினாளாம். அது அவள் மகனுடைய எண்.

மறுநாளே பாஸ்டனில் தேர்தல் கூட்டம். தாய் தகப்பன்மாரைப் பார்த்து ரூஸ்வெல்ட் சொல்கிறார்: முன்னேயும் சொன்னேன், திரும்பத் திரும்பத் திரும்பச் சொல்வேன், உங்கள் பையன்களை எந்த அந்நியப் போருக்கும் அனுப்ப மாட்டோம். 'நம்மைத் தாக்கினால் தவிர' என்று அதுவரை சேர்த்துச் சொல்லி வந்ததை அன்றைக்கு விட்டுவிட்டார்.

அலறல் ஒரு நாள், வாக்கு அடுத்த நாள்.

நவம்பர் 13

இங்கே பிறக்கும் ஆண் பிள்ளைகள் 18 வயதில் பட்டாளப் பதிவேட்டில் பேர் ஏற்றியாகணுமாமே என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "ஆமா அத்தை, எல்லாப் பசங்களும்தான். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. 1973க்கு அப்புறம் யாரையும் கட்டாயப்படுத்தி எடுத்ததில்லையே" என்றார். ஸ்கேன் படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். மூக்கு அப்படியே எங்கள் அப்பா மூக்கு.

நவம்பர் 15

138/88. தயிர் சாதம், நார்த்தங்காய். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நவம்பர் 17

பக்கத்து வீட்டு அம்மாள் பூசணி கேக் கொண்டுவந்தார். எண்பது தாண்டியவர், பிறந்ததே இந்த ஊரில்தான். நான் என்ன படிக்கிறேன் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு திரும்பி வந்தார்.

உள்ளே இரண்டு சாமான். ஒன்று அவருடைய தாத்தாவின் சட்டைப் பொத்தான் பேட்ஜ், போரில் இறங்கவே கூடாது என்ற 'அமெரிக்கா முதலில்' கமிட்டியுடையது. தாத்தா 1918இல் பிரான்ஸில் விஷவாயு பட்டு வந்தவராம், சாகும்வரை இருமலாம். இன்னொன்று அவர் அம்மாவின் தொழிற்சாலை அடையாள வில்லை, இங்கே குண்டு விமானம் செய்த வில்லோ ரன் தொழிற்சாலையுடையது. தகடுகளை இணைக்கிற அலுமினிய ரிவெட் ஆணி ஒன்றும் தாளில் மடித்து இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கொத்தமல்லி விதை கனம்கூட இல்லை. ஒரு பி-24 குண்டு விமானத்துக்கு இது மூன்று லட்சத்துக்கும் மேல் வேண்டுமாம்.

வேண்டாம் என்றவர்களைக் கோழைகள் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. முதல் போரில் இவர்கள் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரைப் பறிகொடுத்தார்கள். எதற்கு? ஐரோப்பா திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றது. 1934இல் செனட்டர் நை தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, அந்தப் போரில் ஆயுத வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் எவ்வளவு லாபம் பார்த்தார்கள் என்று கணக்கைக் கிளறிப் போட்டது. அதன் பிறகு 1935, 1936, 1937 என்று வரிசையாக நடுநிலைச் சட்டங்கள். போரிடும் நாட்டுக்கு ஆயுதம் கிடையாது, கடன் கிடையாது. 1938 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாட்டை யாராவது தாக்கினால் ஒழிய, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் போரில் இறங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள். அதை விவாதத்துக்கு எடுப்பதா என்ற வாக்கெடுப்பில் 209க்கு 188 என்று தோற்றது. 188 பேர்! மகனை அனுப்புகிறவளிடம் கேட்டுவிட்டு அனுப்பு என்று சொல்ல 188 பேர் இருந்திருக்கிறார்கள்.

அந்த இருமலைக் கேட்டு வளர்ந்த பெண்தான் அப்புறம் குண்டு விமானத்துக்கு ரிவெட் அடிக்கப் போனாள். தாத்தா மறுப்பு சொன்னாரா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் தோளைக் குலுக்கினார். "வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்."

நவம்பர் 20

மாப்பிள்ளை காரில் வில்லோ ரன் பக்கம் கூட்டிப் போனார். பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள், விமான நிலையம் இருக்கிறது. நல்ல குளிர்.

ஹென்றி ஃபோர்டு 1938இல் ஹிட்லர் அரசாங்கத்தின் பதக்கத்தை வாங்கிக்கொண்டவர். 1940 ஜூனில் பிரிட்டனுக்கு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் செய்து தர மகன் எட்செல் ஒப்புக்கொண்டதை, முடியாது என்று கவிழ்த்தவர். அதே மனிதரின் கம்பெனி 1941 வசந்த காலத்தில் இங்கே மண்ணைத் தோண்டி அஸ்திவாரம் போடுகிறது, உலகத்திலேயே பெரிய குண்டு விமானத் தொழிற்சாலைக்கு. கடைசியில் 8,685 விமானங்கள். உச்சத்தில் மணிக்கு ஒன்று.

1941 வசந்தம். பேர்ல் ஹார்பருக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. மனசு இன்னும் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே கை உள்ளே போய் வேலையை ஆரம்பித்துவிட்டது. என்னால் இதைத் தாண்ட முடியவில்லை.

நவம்பர் 21

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. 144/92.

நவம்பர் 24

இன்றைக்கு வேறு கோபம்.

1939இல் செயின்ட் லூயிஸ் கப்பல். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த 937 பேர், அநேகமாக எல்லாரும் யூதர்கள். கியூபா பெரும்பாலோரை இறங்கவிடவில்லை. ஃபுளோரிடா கரையில் மயாமி விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்து நின்றது. திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் 254 பேர் பின்னால் நாஜிகளின் கையில் செத்தார்கள். எங்களுக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கியதற்கு இதுவும் கணக்கில் வரும். 188 பேரை மெச்சினேனே, இந்தக் கப்பலையும் பக்கத்தில் வைத்துத்தான் மெச்சணும்.

அப்புறம் லிண்ட்பர்க். 1941 செப்டம்பர் 11, டெ மாயின் நகரத்தில், நாட்டைப் போருக்குள் தள்ளுவது பிரிட்டிஷ்காரர்களும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும்தான் என்று மேடையில் பேசினார். அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த வீரன் வாயிலிருந்து அது வந்தது. எட்டு லட்சம் உறுப்பினர்கள் இருந்த அந்த 'அமெரிக்கா முதலில்' கமிட்டிக்கு அந்தப் பேச்சோடு மானம் போயிற்று. மகனை நினைத்து அழுத அம்மாக்களின் பயத்தை இப்படிப்பட்டவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்றுதான் ஆற்றாமை.

நவம்பர் 27

நம் ஊரில் யாரைக் கேட்டார்கள்? 1939 செப்டம்பர் 3, வைஸ்ராய் லின்லித்கோ ஒரு அறிவிப்பு விட்டார், இந்தியா போரில் இருக்கிறது என்று. சட்டசபையைக் கேட்கவில்லை, காங்கிரஸைக் கேட்கவில்லை. அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா. ஆனாலும் 25 லட்சம் பேர் சிப்பாய் ஆனார்கள். எங்கள் தாத்தாவின் தம்பி சிங்கப்பூர் போனவர்தான், திரும்பவில்லை. அவருக்கு எந்தக் கண்ணாடிப் பாத்திரத்திலும் யாரும் எண் எடுக்கவில்லை. வயிறு எடுத்தது.

இரண்டு வருஷம் சண்டை போட இவர்களுக்கு வாய்த்ததே, அது பாக்கியம். அதை நேர்மையாகப் போட்டிருக்கலாம்.

நவம்பர் 30

203க்கு 202.

ராத்திரி பூரா இந்த எண்தான். 1941 ஆகஸ்ட் 12. ஒரு வருஷம் என்று சொல்லி எடுத்த பையன்களை மேலும் பதினெட்டு மாசம் வைத்துக்கொள்வதா என்று கீழ்சபையில் வாக்கெடுப்பு. பையன்கள் முகாம் சுவர்களில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள், அக்டோபர் வந்தால் ஓடிவிடுவோம் என்று. எண்ணிக்கையைப் படித்ததும் சபாநாயகர் சாம் ரேபர்ன் யாருக்கும் நேரம் கொடுக்காமல் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஒருவர் மாறிப் போட்டிருந்தால் அக்டோபர் முதல் படை கலையத் தொடங்கியிருக்கும்.

1939இல் இவர்களிடம் இருந்த ராணுவமே இரண்டு லட்சம் பேருக்குக் குறைவு. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில் ஜார்ஜ் மார்ஷல் என்பவர் ராணுவத் தலைமைத் தளபதியாகப் பதவி ஏற்கிறார், கையில் அவ்வளவுதான். அங்கிருந்து 1945இல் எண்பது லட்சத்துக்கும் மேல். அந்தப் பாதை முழுவதும் ஒரு வாக்கில் தொங்கியது.

நான் அந்த 203இல் இருந்திருப்பேன். செயின்ட் லூயிஸுக்காக. ஆனால் போட்டுவிட்டு அந்த 158ஆம் நம்பர் அம்மா முகத்தில் விழித்திருப்பேனா?

டிசம்பர் 2

152/98. ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். இதயத்துடிப்பு மெஷினின் டக் டக் ஓசை. அது கேட்கிற வரைக்கும் எனக்குத் தெம்பு.

டிசம்பர் 4

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் வீக்கம் குறையவில்லை.

அட்லாண்டிக்கில் போர் அறிவிப்பு இல்லாமலே போர் நடந்திருக்கிறது. முதலில் 1940 செப்டம்பரில் பிரிட்டனுக்கு ஐம்பது பழைய நாசகாரிக் கப்பல்கள். 1941 மார்ச்சில், பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு ஆயுதம் கொடுக்கக் கடன்-குத்தகைச் சட்டம், கீழ்சபையில் 317க்கு 71. நாலு பையன்களில் ஒருத்தனை மண்ணோடு உழுது மூடுகிற திட்டம் இது என்று செனட்டர் வீலர் சொன்னார், ரூஸ்வெல்ட் கொதித்துப்போனார். பிறகு சரக்குக் கப்பல்களுக்குக் காவல். செப்டம்பரில், கண்டால் சுடலாம் என்று உத்தரவு. அக்டோபர் 31, இவர்களுடைய ரூபன் ஜேம்ஸ் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நூறு மாலுமிகளுக்குக் குறையாமல் செத்தார்கள். பாஸ்டனில் வாக்குக் கொடுத்து ஒரு வருஷமும் ஒரு நாளும்.

ஹிட்லரை நிறுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. அதை அந்த அம்மாக்களிடம் நேராகச் சொல்லியிருக்கணும். தேர்தல் தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கணும். தோற்றிருந்தால்? எதிர்த்து நின்ற வில்கியும் பிரிட்டனுக்கு உதவணும் என்று சொன்னவர்தானே. அப்புறம் என்ன பயம்?

டிசம்பர் 8

ஜெனட் ரான்கின். மொன்டானாக்காரி. காங்கிரஸில் நுழைந்த முதல் பெண். 1917இல் போர் வேண்டாம் என்று வாக்களித்தாள், அப்போது சபையில் இன்னும் நாற்பத்தொன்பது பேர் துணை இருந்தார்கள். 1941 டிசம்பர் 8, 388க்கு ஒன்று. அந்த ஒன்று அவள். முந்தின நாள் ஹவாயில் 2,403 பேர் செத்திருக்கிறார்கள், கப்பல்கள் இன்னும் எரிகின்றன. சுற்றி எல்லாரும் மாற்றிப் போடு, மாற்றிப் போடு என்று கெஞ்சுகிறார்கள், சீறுகிறார்கள். பெண் என்பதால் நான் போருக்குப் போக முடியாது, இன்னொருவரை அனுப்பவும் மாட்டேன் என்றாள். வெளியே வந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, போலீஸ் வந்து அழைத்துப் போகும் வரை உள்ளேயே நின்றாள்.

அவள் செய்தது தவறு. என் வாக்கு அந்த 388இல்தான் விழுந்திருக்கும். ஆனால் அந்தக் கூண்டில் நின்றவளைப் பார்த்து ஒரு சொல் கடுமையாகச் சொல்ல எனக்கு நா எழாது. யாராவது ஒருத்தர் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்கணும். 158 அலறியதற்குச் சபையில் ஒரு பதில் வேண்டாமா?

குட்டி படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "நீ யார் பக்கம்மா?" என்றாள். சொன்னேன். "அப்ப இவன் போவானா?" என்று வயிற்றைத் தொட்டாள். கஞ்சி ஆறுகிறது, குடி என்றேன்.

டிசம்பர் 11

இதே தேதியில் ஜெர்மனி இவர்கள் மேல் போர் அறிவித்தது. அவர்களாகவே. இவர்கள் 8ஆம் தேதி ஜப்பான் மேல் மட்டும்தான் அறிவித்திருந்தார்கள். ஹிட்லர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ரூஸ்வெல்ட் எப்படி ஐரோப்பாவுக்குப் படையை அனுப்பியிருப்பார் என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

150/96. உப்பில்லாத ரசம்.

டிசம்பர் 13

வாண்டன்பர்க் பற்றி எழுத உட்கார்ந்தேன். இந்த மிச்சிகன் மாநிலத்துச் செனட்டர், கிராண்ட் ரேப்பிட்ஸ்காரர், ஒதுங்கி இருக்கணும் என்று கடைசி வரை நின்றவர். 1945 ஜனவரியில் எழுந்து, இனி எந்த நாடும் தன்னந்தனியாகத் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்று பேசியவரும் அவரே. 1937க்கும் 1945க்கும் நடுவில் அந்த மனிதருக்குள் என்ன நடந்தது என்று

குட்டி கூப்பிடுகிறாள். காலையிலிருந்து தலைவலி என்றவள் இப்போது கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாள். 166/106. இன்னொரு தரம் பார்த்தேன், 168. டாக்டருக்குப் போன் பண்ணியாயிற்று, உடனே வரச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டார். ஃபைல், இன்சூரன்ஸ் கார்டு, சால்வை எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் சாவி கொடுக்கணும்.