உதடு வீக்கம்: பிளாக்கை வாங்கப் பட்ட பாடு

உதடு வீங்கினால் அலர்ஜி என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது. எனக்கும் செட்ரிசின், கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது. அலர்ஜி வீக்கம் என்றால் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட வேண்டும். என்னுடையது வடிவது போலப் போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறும். கடைசியில் கீழுதடு ரப்பர் மாதிரி கெட்டியாக நின்றுவிட்டது. வீங்கும்போதெல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகிற அன்றைக்குத்தான் அது அடங்கியிருக்கும்.

உதட்டில் துளி சதை எடுத்துச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிரானுலோமா' என்று வந்தது. நோய் எதிர்ப்பு செல்கள் கூடி உண்டாக்கும் சின்ன முடிச்சு அது, டிபியிலும் வரும். நம் ஊரில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் டிபி மருந்தைத் தொடங்கச் சொல்ல ஆள் உண்டு. நல்லவேளை, தோல் டாக்டர் அவசரப்படவில்லை. மார்பு எக்ஸ்ரே, மாண்டூ என்ற டிபி தோல் ஊசிச் சோதனை, குடலில் குரோன் நோய் இருக்கிறதா என்ற சோதனை, எல்லாம் சுத்தம்.

அப்புறம்தான் கூத்து. பெரிய ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைத் தொடக்கூட இல்லை, "ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" என்றார்கள். பிளாக் என்பது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டி. அது லேபிலேயே இருக்கும், கேட்டால்தான் தருவார்கள். கேட்டால், "அதெல்லாம் வெளியே தர்றதில்லை சார்." மறுபடி போனால் ஒரிஜினல் பில் வேண்டுமாம். அதற்கடுத்து, கையெழுத்துப் போடுகிறவர் லீவு. டாக்டரின் லெட்டர்பேடில் ஒரு கடிதமும், போனில் கிடந்த பில் படமும் கொண்டுபோய் நீட்டிய பிறகுதான் ரிஜிஸ்டரை எடுத்தார்கள். வாங்கினால் வெயிலில் வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், மெழுகு.

முடிவு: கிரானுலோமாட்டஸ் சீலைட்டிஸ். 1945இல் மீஷர் என்பவர் விவரித்த நோய். இதோடு முகவாதமும் நாக்கில் வெடிப்பும் சேர்ந்தால் மெல்கர்சன்-ரோசென்தால் என்பார்கள். அதனால்தான் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, வாய் எப்போதாவது கோணியதா என்று துருவித் துருவிக் கேட்டார்.

வைத்தியம், உதட்டுக்குள்ளேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. பல் பிடுங்கும்போது போடுவது போல முதலில் மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு முதல் தடவை அது போடவில்லை. கண்ணில் பூச்சி பறந்தது. வீக்கம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. திரும்ப வரலாம் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சிலருக்குப் பட்டையும், கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சோயேட்டும் நிறுத்தினால் கேட்கிறதாம். சாஸ், ஸ்குவாஷ் பாட்டில்களின் லேபிளில் 211 என்ற எண்ணைத் தேடுங்கள், அது சோடியம் பென்சோயேட். எனக்குக் கேட்டது ஊசியா பத்தியமா, தெரியாது. பட்டை போடாத பிரியாணிக்காக வீட்டில் இன்னும் சண்டை.