ஒவ்வொரு கேட்டிலும் இரண்டு முறை நின்ற ரயில்

காரைக்குடியிலிருந்து திருவாரூர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். 2019இல் அகலப்பாதை திறந்த புதிதில் டெமு என்ற டீசல் பாசஞ்சர் ரயிலில் போனேன், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்டவாளம் புதுசு, ஸ்டேஷன்களில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை, ஆனால் கேட் கீப்பர் மட்டும் இல்லை.

அதனால் ஊழியர்களை ரயிலிலேயே கூட்டிக்கொண்டு போனார்கள். கேட் வந்ததும் வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கி கேட்டை மூடுவார், வண்டி மெல்ல ரோட்டைத் தாண்டி மறுபடி நிற்கும், பின்னால் இருப்பவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார், அப்புறம்தான் நகரும். அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை என்று வழிநெடுக இதேதான். அந்த வெயிலில் அவர்கள் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எதிரே இருந்த பெரியவர், "பஸ்ல போயிருந்தா இந்நேரம் வேலைய முடிச்சிட்டுத் திரும்பியிருக்கலாம் தம்பி" என்றார். ஒரு காலத்தில் இதே வழியாக மெட்ராஸுக்கு ஓடிய கம்பன் எக்ஸ்பிரஸைப் பற்றி திருத்துறைப்பூண்டி வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

அகலப்பாதையாக்குவதற்காக இங்கிருந்த பழைய மீட்டர்கேஜ் பாதையை மூடியது 2012இல். அந்த வருடம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, முழுப்பாதையும் திறப்பதற்குள் பிளஸ் டூவே முடித்துவிட்டது. அதே காலத்தில் விழுப்புரத்திலிருந்து நேராகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் இரட்டைப் பாதையாகிக்கொண்டிருந்தது. அது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வண்டிகள் ஓடும் இடத்துக்கே மேலும் வசதி போகிறது. கடைமடைப் பக்கம் பாதை போட்டால் ஆள் போடுவதில்லை, ஆள் இல்லாமல் வண்டி ஊர்ந்தால் யார் ஏறுவார்கள்? கடைசியில் கூட்டமில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் மேலேயே பழி. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்ட ஊர்கள் இவை, பிழைப்புக்கு வெளியூர் போகவேண்டிய நேரத்தில் உருப்படியான ரயில் இல்லை.

பிறகு கேட் கீப்பர்களைப் போட்டார்கள், வேகமும் கூடியது. 2023 ஏப்ரலில் இந்த வழியாகத் தாம்பரம்–செங்கோட்டை ரயில் வந்தது, அதுவும் தினசரி இல்லை. தினமும் ஓடும் ராமேசுவரம்–தாம்பரம் ரயில் 2025 ஏப்ரலில்தான் வந்தது. பாதையை மூடிய நாளிலிருந்து கணக்குப் போட்டாலே 13 வருடம். அதற்குள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை போயே ஆகவேண்டியவர்கள் பஸ்ஸிலும் ஆம்னி பஸ்ஸிலும் கொட்டிய காசை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.