சொதி வாரத்தில் நாலு நாள்

“ஆச்சியம்மே!”

பின்னாலிருந்து ஒரு குழந்தை கத்தியது. சட்டென்று திரும்பிவிட்டேன். 2022 பிப்ரவரி, நாங்கள் கொழும்புக்கு வந்து மூன்றாவது வாரம். வெள்ளவத்தை மரைன் டிரைவில் காலை நடை. அந்தப் பக்கம் கடல், நடுவில் ரயில் தண்டவாளம், இந்தப் பக்கம் ரோடு. கத்தியது வெள்ளைச் சீருடை போட்ட ஒரு சிங்களப் பிள்ளை, ஆறு வயதிருக்கும். ரோட்டோரம் சின்ன மேசை போட்டு இலைக்கஞ்சி விற்கிற தன் பாட்டியைத்தான் கூப்பிட்டது. சிங்களத்திலும் பாட்டிக்கு ஆச்சிதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திருநெல்வேலியில் என்னை வளர்த்த ஆச்சி அதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தெரியாத ஊரில், புரியாத பாஷைக்கு நடுவில் அது காதில் விழுந்ததும் கால் நகரவில்லை. கஞ்சிக்காக நிற்கிறேன் என்று நினைத்த அந்த அம்மா ஒரு கப்பை நீட்டி, “ரஸ்னெய், துவே” என்றார். சூடா இருக்கு மகளே என்று அர்த்தம்.

சிவப்புப் பச்சரிசியைக் குழைய வேகவிட்டு, இலையை அரைத்துப் பிழிந்த சாறும் தேங்காய்ப்பாலும் விட்டு இறக்குகிற பச்சைக் கஞ்சி அது. கொல கெந்த என்கிறார்கள். உப்புத்தான் போடுகிறார்கள். இனிப்புக்குக் கையில் ஒரு துண்டு ஹக்குரு தருகிறார்கள், கித்துள் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டி. கித்துள் வேறொன்றுமில்லை, நம் பக்கத்துக் கூந்தல்பனை. ஹக்குருவில் ஒரு கடி, கஞ்சியில் ஒரு மடக்கு. ஆச்சி கடுங்காப்பி குடித்தது இப்படித்தான். உடன்குடிக் கருப்பட்டியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் எல்லாரையும் நலம் விசாரித்துக்கொண்டே ஒரு டம்ளர் காப்பியை அரைமணி நேரம் குடிப்பாள்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு இலை. கொட்டுகொல என்றால் வல்லாரை. முகுனுவென்ன என்றால் பொன்னாங்கண்ணி. ஹாத்தாவாரிய நம் தண்ணீர்விட்டான். மேசையில் கிடக்கிற கட்டை முகர்ந்து பார்த்து நான் தமிழில் பெயர் சொல்வேன், அந்த அம்மா சிங்களத்தில் சொல்வார். ரொம்ப நாள் எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு முழுவதும் கீரைப் பெயர்கள்தான்.

சரி, சொதிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் கொழும்பைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற பந்தி. தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலையும் வெந்த பாசிப்பருப்பையும் சேர்த்து, கடைசியில் தலைப்பால் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்குவார்கள். சூடு தணிந்ததும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாவிட்டால் அது சொதிச் சாப்பாடே இல்லை. 2019இல் என் மறுவீட்டுப் பந்திக்கு ஆச்சி 78 வயதில் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தலைப்பால் எப்போது விட வேண்டும் என்று தவசுப்பிள்ளைக்கே அவள்தான் சொன்னாள். அந்த மனுஷர் நாற்பது வருஷமாகக் கல்யாணத்துக்குச் சமைக்கிறவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில், வந்த முதல் வாரமே, “இடியப்பத்துக்குச் சொதி விடவோ?” என்று கேட்டார்கள். எனக்குள் அந்தப் பந்தியே விரிந்துவிட்டது. வந்ததோ மஞ்சளாக, நீர்க்க, வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் மிதக்கிற ஒன்று. பருப்பும் இல்லை, ஒரு காயும் இல்லை. எனக்குக் கோபமே வந்தது. இதற்கு ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் புலம்பினேன். “சொதியே அங்கயிருந்து வந்ததுன்னுதானட்டி ஆச்சி சொல்லுவா” என்றாள் அம்மா. எனக்குச் சமாதானமாகவில்லை. கடையில் சொதி என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறபோதெல்லாம், யாரோ நம் வீட்டுப் பெயரைத் தங்கள் வீட்டு வாசலில் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அது மார்ச் கடைசியில் தீர்ந்தது. 2022இல் கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த மார்ச்சை விவரிக்க வேண்டியதில்லை. சமையல் காஸ் இல்லை, பால்மா இல்லை, பெட்ரோல் செட்டுக்கு முன்னால் ராத்திரி முழுக்க வரிசை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. கிராமமென்றால் விறகாவது உண்டு. அடுக்குமாடியின் நாலாவது மாடியில் விறகை எங்கே வைத்து எரிப்பது? எங்கள் சிலிண்டர் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீர்ந்தது. இரண்டு பேரும் பாணும் (இங்கே பிரெட்டுக்கு அதுதான் பெயர்) வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு இருட்டில் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை கதவு தட்டுகிற சத்தம். கீழ் வீட்டு அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர். அதுவரை மாடிப்படியில் சிரித்துக்கொண்டதோடு சரி. ஒரு கையில் மூடிய தட்டு, மறு கையில் சின்னச் சட்டி.

“காஸ் முடிஞ்சு போச்சாம் எண்டு உங்கடை அவர் சொன்னவர். கொஞ்சம் இடியப்பமும் சொதியும் இருக்கு. சூட்டோட சாப்பிடுங்கோ பிள்ளை.”

மண்ணெண்ணெய் அடுப்பில் செய்தது. அந்த மண்ணெண்ணெய்க்கும் அப்போது வரிசைதான். சிவப்பரிசி மா இடியப்பம், நான் கோபப்பட்ட அதே சொதி. ஒரு வாய் வைத்ததும் நாக்கில் பட்டது அந்தக் கடைசிப் புளிப்பு. எங்கள் அடுப்படிப் புளிப்பு. எலுமிச்சை எப்போது பிழிவீர்கள் என்று அன்ரியிடம் கேட்டேன்.

“இறக்கி வச்சு ஆறினாப் பிறகுதான் தேசிக்காய் விடவேணும். இல்லாட்டித் திரைஞ்சு போகும்.”

தவசுப்பிள்ளைக்கு ஆச்சி சொன்னதும் இதேதான், சொல் மட்டும் வேறு.

ஒன்பது நாள் அன்ரி எங்களுக்குக் காலைச் சாப்பாடு தந்தார். நான் தயங்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்புத்தான். “தொண்ணூறுகளிலை நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள். உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் பாவிச்சது. இதெல்லாம் ஒரு கஷ்டமே பிள்ளை?” என்பார். யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் போகாமல் தடுத்திருந்த காலம் அது. அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சட்டியைத் திருப்பித் தரும்போது கழுவ வேண்டாம் என்பார், தண்ணீரும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்ததால்.

காஸ் வந்ததும் நான் முதலில் செய்தது அன்ரியின் சொதியைத்தான். இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் சொதி. “என்னட்டி, தெனமும் மறுவீடா?” என்று ஆச்சி கேட்டிருப்பாள்.

கொழும்பு முழுக்கப் பத்தியமாகச் சாப்பிடுகிறது என்று சொல்ல வரவில்லை. சாயங்காலமானால் தெருவெல்லாம் கொத்து ரொட்டித் தகடு தட்டுகிற சத்தம்தான். என்னைப் போன்ற சைவக்காரர்கள் சம்பலைக்கூட மாசிக் கருவாடு போட்டதா என்று கேட்டுத்தான் தொட வேண்டும். ஆனால் கீரையும் சிவப்பரிசியும், குரக்கன் என்கிற நம் கேப்பையும் இங்கே சந்தையில் சாதாரணச் சரக்கு. யாரும் அதை ஆரோக்கிய உணவு என்று தனி அலமாரியில் வைத்து இரண்டு மடங்கு விலை போடுவதில்லை. எங்கள் ஊரில் கேப்பைக் களி சாப்பிடுகிறேன் என்று சொல்ல என் சிநேகிதிகள் கூச்சப்பட்ட காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சந்தையில் முதல் மாதம் நானும் கடைக்காரத் தம்பியும் ஒரே பாஷையை இரண்டு பாஷையாகப் பேசினோம். வெள்ளைப்பூடு கேட்டால் “உள்ளியோ?” என்பார். பீன்ஸ் போஞ்சி, முட்டைக்கோஸ் கோவா. பல்லாரிதான் அவரை மலைக்க வைத்தது. பெரிய வெங்காயத்தைக் கையில் எடுத்துக் காட்டியதும், “ஓ, பம்பாய் வெங்காயம்!” என்று அப்படியொரு சந்தோஷம் அவருக்கு. திருநெல்வேலியில் பல்லாரி, கொழும்பில் பம்பாய், இந்தப் பாவப்பட்ட வெங்காயத்துக்குச் சொந்த ஊர் எது என்று இருவரும் சிரித்தோம். இப்போது என் வாயில் போஞ்சி தானாக வருகிறது. நன்றாகப் பழகிவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வாரமே தம்பி என்னைத் தூரத்தில் பார்த்ததும், “அக்கா, பல்லாரி வந்திருக்கு!” என்று கூப்பிட்டார். கொழும்புச் சந்தையில் அந்தச் சொல்! பாளை மார்க்கெட்டில் அப்பா கை பிடித்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. ஒரு கிலோ போதும் என்று போனவள் மூன்று கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

பௌர்ணமிக்கு நாடே விடுமுறை எடுக்கிற வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. போயா நாளில் இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் மூடிக்கிடக்க, ஊர் ஒரு மாதிரி மூச்சு வாங்கிக்கொள்ளும். நாங்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போவோம். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று முதன்முதலாக அங்கீகாரம் கிடைத்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பலகைப் பாலத்தில் நடந்தால் ஏன் என்று தெரியும். நகரத்துக்குள்ளேயே இவ்வளவு தண்ணீர், இவ்வளவு நாணல். பாலத்துக்குக் கீழே ஆள் நீளத்துக்குக் கபரகொய்யா, நீர் உடும்பு, சாவதானமாகப் போகும். நாரைகளைப் பார்த்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். கூந்தன்குளத்தில் அவை ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். தை மாசத்தில் அப்பா சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போவார். எச்சம் தலையில் விழுந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் பறவையை விரட்ட மாட்டார்கள். அதை என் கணவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவரும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி கேட்பார்.

2023 வெசாக்கில், புத்தர் பண்டிகையன்று, காஸுக்கும் எரிபொருளுக்கும் ஜனங்கள் நின்ற அதே ரோட்டில் மறுபடி நீள வரிசை. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. கிட்டே போனால் தன்சல். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஏதாவது கொடுப்பார்கள், யார் என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள். அன்று கொடுத்தது பெலிமல், வில்வப்பூவை உலர்த்திக் கொதிக்க வைத்த பானம், கூட ஒரு துண்டு ஹக்குரு. வில்வ இலையைச் சிவனுக்குச் சாத்தியிருக்கிறேன். பூவைக் குடித்தது அன்றுதான். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கப்பை வாங்கிக்கொண்டு “பொஹொம பின்” என்றார். பின் என்றால் புண்ணியம். தண்ணீர் கொடுத்தவனைப் பார்த்து “புண்ணியமாப் போவும் ராசா” என்று ஆச்சி சொல்வதுதான் அது.

அதற்கப்புறம்தான் கடைகளில் இந்தப் பொட்டலங்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பெலிமலுக்குப் பக்கத்தில் ரணவரா. படத்தைப் பார்த்தால் ஆவாரம்பூ. அதற்குப் பக்கத்தில் பொல்பலா. அது சிறுபீளை! பொங்கலுக்கு முந்தின நாள் ஆச்சி வேப்பிலையோடும் மாவிலையோடும் சேர்த்து நிலையில் காப்புக் கட்டுகிற இரண்டும், இங்கே தேயிலை மாதிரி பொட்டலத்தில் இருக்கின்றன. அடுத்தடுத்த பொங்கல்களுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, காய்ந்த தூளில் ஒரு சிட்டிகையைக் கோலத்தின் ஓரத்தில் வைத்தேன். தூளை வாசலில் கட்ட முடியாதே.

இந்தத் தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பொட்டலத்தைக் கஞ்சிக்கார அம்மாவிடம் எடுத்துக்கொண்டுபோய், கதவில் கட்டுகிற மாதிரி கையால் காட்டினேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். போகியன்று காலை மேசைக்கு அடியிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு கட்டை எடுத்தார். வேரோடு பிடுங்கிய பச்சைச் சிறுபீளை, மண் ஈரம்கூடக் காயவில்லை, வெள்ளைப் பூ நுனிவரை பூத்திருந்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “பொஹொம பின், அம்மே” என்றேன்.

அன்ரி வீட்டுத் தொட்டியிலிருந்து வேப்பங்கொழுந்து கிடைத்தது. நிலையில் கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மேலே வந்து, “இது தேங்காய்ப்பூக்கீரை எல்லே? ஏன் கதவிலை கட்டுறீங்கள்?” என்று கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டே மிச்சமிருந்த கட்டை எடுத்துப் போய் என் குசினியில் கழுவி, தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார். வடிகட்டி இரண்டு கப்பில் ஊற்றி, ஹக்குருவை உடைத்து, நிலைக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்தோம். கொஞ்சம் புல் வாசனை, கொஞ்சம் மழைத்தண்ணீர் மாதிரி. அன்ரி இன்னொரு கப் கேட்டார்.